பழைய காரின் ஹெட்லைட்: எது மேம்பாடு?

அம்பாசடரோ பத்மினியோ முதல் தலைமுறை மாருதி 800-ஓ வைத்திருப்பவர்களின் இரவுப் புகார் ஒன்றுதான்: ரோடு தெரியவில்லை. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் இதற்கு நான்கு தீர்வுகள் விலைக்கு உண்டு. வாட் கூடிய பல்பு, எல்.இ.டி. பல்பு, ரிலே வைத்த வயரிங் கிட், புது டூம் (ரிஃப்ளெக்டரும் முன்கண்ணாடியும் சேர்ந்த கிண்ணம்). ஐந்தாவது தீர்வு ஃபோகஸ் வைப்பது. அதற்கு ஒரு சுவரும் ஸ்க்ரூடிரைவரும் போதும் என்பதால் கடைக்காரருக்கு அதில் அக்கறை இல்லை. இந்த ஐந்தையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தவர்கள் குறைவு. அவரவர் வண்டியில் மாட்டியதை அவரவர் புகழ்வதே இத்துறையில் விமர்சனம் என்ற பெயரில் நடமாடுகிறது.

அளவுகோலை முதலில் தீர்மானித்துக்கொள்வோம். லோ பீம் இரண்டு எதிரெதிர்க் கடமைகளை ஒரே கண்ணாடிக்குள் நிறைவேற்ற வேண்டிய கருவி. தன் பக்கச் சாலையில் தூரம்வரை ஒளி விழ வேண்டும். எதிரே வருபவரின் கண்ணில் விழக் கூடாது. பழைய ஐரோப்பிய விதி இதை 25 மீட்டர் தள்ளி நிறுத்திய திரையில் அளந்தது. 75 மீட்டர் தொலைவில் உள்ள சாலையோரத்தைக் குறிக்கும் புள்ளியில் குறைந்தது 12 லக்ஸ் வேண்டும். 50 மீட்டரில் வரும் எதிர்வண்டி ஓட்டுநரின் கண்ணைக் குறிக்கும் பி50 புள்ளியில் 0.4 லக்ஸைத் தாண்டக் கூடாது. முப்பது மடங்கு வேறுபாடு. ஆனால் அந்தத் திரையில் இவ்விரண்டு புள்ளிகளுக்கும் உள்ள உயர வித்தியாசம் அரை மீட்டர்தான். ஒன்று விளக்கின் மையமட்டத்துக்கு 25 செ.மீ. கீழே, மற்றது 25 செ.மீ. மேலே. கோணத்தில் சொன்னால் ஒரு டிகிரியும் கொஞ்சமும். ஒரு விளக்கின் தகுதி இந்த ஒரு டிகிரிக்குள் அது ஒளியை எப்படிப் பங்கிடுகிறது என்பதில் இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட லூமென் எண் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த அளவுகோலில், இத்தகைய டூம்களில் மாட்டும் எச்4 ஆலஜன் பல்பின் வடிவமைப்பு இன்றும் மதிக்கத்தக்கது. உள்ளே இரண்டு இழைகள். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகத் தொன்னை. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடுவதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்கிறது. அங்கே பட்டுத் திரும்பும் ஒளி சாலையை நோக்கி இறங்குகிறது. தொன்னையின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், இடப்பக்கம் ஓடும் நம் போக்குவரத்தில் இடது ஓரத்தில் மட்டும் ஒளி மேலே ஏறுகிறது. ஒரு துண்டுத் தகடு, ஒளி முடிந்து இருள் தொடங்கும் விளிம்புக்கோட்டைச் சுவரில் வரைந்துவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலையும் உண்டு. 55 வாட் எச்1 பல்பு 1550 லூமென் தரும். அதே 55 வாட்டில் எச்4-இன் லோ பீமுக்கு விதி வகுத்த அளவு 1000 லூமென், 15 சதவீதம் கூடவோ குறையவோ. மிச்சம் தொன்னையிலேயே செத்துப்போகிறது. ஆக எச்4 ஒளியில் ஏழை, ஒழுங்கில் பணக்காரன். அதை மேம்படுத்துகிறேன் என்று வருகிற எதுவும் இந்த ஒழுங்கைக் கெடுக்காமல் அந்த ஏழ்மையைப் போக்க வேண்டும்.

வாட் கூடிய பல்பை நீண்ட நேரம் விவாதிக்கத் தேவையில்லை. கணக்கே அதை முடித்துவிடும். நம் கடைகளில் 60/55-க்குப் (ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55) பதில் 100/90, 130/100 என்று தாராளமாகக் கிடைக்கிறது. பழைய வண்டியின் வயரிங்கில் பேட்டரிக்கும் பல்புக்கும் இடையே ஒன்றரை வோல்ட் இழப்பு சாதாரணம். பேட்டரியில் 13.5 இருந்தால் பல்புக்கு 12 போய்ச் சேரும். அதே வயரில் 90 வாட் பல்புகள் இரண்டை மாட்டினால் கரன்ட் ஏறக்குறைய 9 ஆம்பியரிலிருந்து 14-க்குப் போகிறது; இழப்பு 2.3 வோல்ட் ஆகிறது. பல்புக்குக் கிடைப்பது 11.2. இழை பல்பின் ஒளி வோல்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்கில் ஏறியிறங்குவது. எனவே வாட்டுக்கேற்ப ஒளி கூடும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 64 சதவீதம் வாட் கூட்டியதற்குக் கிடைக்கும் லாபம் முப்பது சதவீதத்தைத் தொடுவதில்லை. வயரிலும் சுவிட்சிலும் பிறக்கும் சூடோ இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. கப்ளர் உருகுகிறது, ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகுகிறது, பிளாஸ்டிக் டூமாக இருந்தால் அதுவே நெளிகிறது. பழைய லூகாஸ் வழி வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இது மேம்பாடு அல்ல, விபத்துக்குப் போடும் முன்பணம். நீலம் பூசிய "வெள்ளை" பல்புகள் இன்னும் ஒருபடி கீழே. அவை இழையிலிருந்து வந்த ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை நவீனம் என்று விற்கின்றன.

ரிலே வயரிங் இதற்கு நேர் எதிரான குணம் கொண்டது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. திருட்டுப்போனதை மீட்டுத் தருகிறது. பழைய அம்பாசடரில் ஹெட்லைட்டுக்கான கரன்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவும், அங்கிருந்து காலால் மிதிக்கும் டிப்பர் வழியாகவும் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். ஒவ்வொரு தொடுமுனையும் நாற்பது வருடத் துருவை வசூலித்துக்கொண்டுதான் அனுப்பும். ரிலே வைத்தால் அந்தப் பாதையில் ஓடுவது ரிலேயின் சுருளை இயக்கும் அற்பக் கரன்ட்தான். விளக்குக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30-ஆம் முனைக்கு வந்து 87-ஆம் முனையில் வெளியேறி, நேரே பல்புக்குப் போகிறது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் இரண்டு மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட். தொடுமுனைகளையும் எர்த்தையும் சேர்த்தாலும் 0.4-க்குள் அடக்கிவிடலாம். பல்புக்கு 12-க்குப் பதில் 13.1 வோல்ட் கிடைத்தால் அதே 60/55 பல்பு முன்பைவிட 35 சதவீதம் கூடுதலாக ஒளிரும். 90 வாட் பல்பு வயரைச் சுட்டுச் சாதித்ததைவிட இது அதிகம். விளிம்புக்கோடும் இம்மியளவு நகர்வதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். வோல்டேஜ் ஏறினால் இழையின் ஆயுள் செங்குத்தாகச் சரியும். 12-இல் எரிந்த பல்போடு ஒப்பிட்டால் 13.1-இல் மூன்றில் ஒரு பங்குதான். இதைப் பெரிய குற்றம் என்று நான் கருதவில்லை. பல்பு தன் உரிய ஆயுளுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். டைனமோ வண்டிகளில் ஐடிலில் நிற்கும்போது விளக்கு மங்குவதை ரிலே தீர்க்காது. ஊற்று வற்றியிருக்கும்போது குழாயை மாற்றிப் பயனில்லை. ஜப்பானிய வழியில் வந்த சில கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அங்கே ரெடிமேட் கிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் வேலை செய்யாது. கிட்டுகளின் தரமும் ஒரே சீரானதல்ல. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் தலைமுடிபோல் நாலு செம்பிழைகள், 40 ஆம்பியர் என்று எழுதிய பத்து ஆம்பியர் ரிலே, எர்த்துக்கு ஒரு ஸ்க்ரூகூடத் தராத சிக்கனம் என்று எல்லாம் உண்டு. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் கையால் கட்டிய வயரிங்தான் நம்பத் தக்கது. அதையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும். இன்ஜினைச் சற்றே உயர்த்தி ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் காலிலும் வைத்தால் இழப்பு நேரடியாகத் தெரியும். எர்த் பக்கமும் அப்படியே. விளக்கை அணைத்துவிட்டு எடுக்கும் அளவுக்கு மதிப்பு கிடையாது. கரன்ட் ஓடாத வயரில் இழப்பும் இராது.

டூமைப் பற்றிச் சுருக்கமாக. ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டால் அதற்கு முன் எவ்வளவு வோல்டேஜ் வைத்தாலும் வீண். வெள்ளிப் பூச்சு 95 சதவீத அளவில் ஒளியைத் திருப்பும், அலுமினியம் 90 அளவில், குரோமியம் 65 அளவில்தான். பளபளப்பைப் பார்த்து மயங்கி ரிஃப்ளெக்டருக்கு குரோம் பாலிஷ் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு ஒளியைக் காசு கொடுத்துத் தொலைக்கிறார்கள். துணியால் துடைப்பதும் பூச்சை உரிப்பதுதான். 7 அங்குல வட்ட டூம் இன்றும் புதிதாகக் கிடைக்கிற பொருள். பழையதை மீட்பதைவிட மாற்றுவதே மேல். பிற்கால மாருதிகளின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளித்திருந்தால் உப்புத்தாளும் பாலிஷும் தெளிவைத் திருப்பித் தரும். மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைத் திரும்பப் பூசாவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைதான். பற்பசையால் தேய்க்கும் வைத்தியத்தைப் பற்றிப் பேசுவதே இடத்துக்குக் கேடு.

இனி, இன்று அதிகம் விற்பதும் அதிகம் சண்டை மூட்டுவதுமான எல்.இ.டி. பல்பு.

அதன் நிறைகளை மறுப்பவர் நேர்மையற்றவர். கரன்ட் குறைவு. டைனமோ வண்டிக்கு இது வெறும் வசதியல்ல. விளக்கும் வைப்பரும் ஒருசேர ஓட முடியும் என்பதற்கான உத்தரவாதம். அதிர்வில் அறுந்துபோக இழை கிடையாது. மொத்த ஒளியும் அதிகம்தான். ஆனால் பழைய டூம் கேட்பது மொத்த ஒளியை அல்ல, உரிய இடத்தில் உரிய வடிவில் பிறக்கும் ஒளியை. எச்4 இழை சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய உருளை; சுற்றெங்கும் ஒளிவிடும். எல்.இ.டி. பல்பில் இருப்பது ஒரு தகடு. அதன் இரு முகங்களிலும் சில்லுகள். இடமும் வலமும் ஒளி கொட்டும். மேலும் கீழும் வறட்சி. இரு முகங்களுக்கும் நடுவே தகட்டின் தடிமன் ஒரு இருண்ட பட்டையாக நிற்கும். இழை இருந்த புள்ளியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலே ரிஃப்ளெக்டர் அந்த விலகலைச் சாலையில் டிகிரிகளாகப் பெருக்கிக் காட்டும். தகுதிக்கும் தகுதியின்மைக்கும் இடைவெளியே ஒரு டிகிரி என்று முன்பே பார்த்தோம்.

இதன் விளைவைச் சுவரில் பார்க்கலாம். நல்ல ஆலஜன் பல்பு வரையும் விளிம்புக்கோட்டின் இடத்தில் ஒரு மங்கல் பட்டை தோன்றும். அதற்கு மேலே சிதறல்கள். சாலையில் வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று வெளுத்திருக்கும். ஓட்டுபவருக்குத் திருப்தி இதிலிருந்துதான் வருகிறது. அந்த வெளுப்பே கண்பாவையைச் சுருக்கி, தூரத்து மங்கலான பொருள்களைக் காணவிடாமல் செய்கிறது. வெளிச்சம் கூடியதாக உணர்வும், தெரியும் தூரம் குறைந்ததாக உண்மையும் ஒரே விளக்கில் சேர்ந்திருக்க முடியும். பயன்படுத்தியவரின் சான்றிதழை இத்துறையில் நான் ஆதாரமாக எடுக்காததற்கு இதுவே காரணம். 200 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. 12 வோல்டில் 200 வாட் என்றால் பதினாறு ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அந்தப் பல்பின் வயரைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

அப்படியானால் எல்.இ.டி. கொள்கையளவிலேயே தகுதியற்றதா? இல்லை. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுப் பல்புகளுக்குச் சாலை அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த அனுமதி பல்புக்கு மட்டும் தரப்பட்டதல்ல. எந்தெந்த வண்டியின் எந்தெந்த விளக்கில் சோதித்துத் தேறியதோ அந்தப் பட்டியலுக்கு மட்டும். இந்த வழிமுறையே சரியான திறனாய்வு. பல்பைத் தனியே மதிப்பிட முடியாது, டூமோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அம்பாசடரின் டூமையும் பத்மினியின் டூமையும் அப்படி யாரும் சோதித்ததாகப் பெட்டிகளில் காணோம். எனவே பழைய ஆலஜன் டூமில் எல்.இ.டி. பல்பு என்பது இன்றைய நிலையில் சோதிக்கப்படாத கூற்று. சுவரில் பார்த்தவரை பெரும்பாலும் தோற்ற கூற்று. வாயுப் பல்பு என்ற எச்.ஐ.டி. கிட்டுக்கும் இதே தீர்ப்பு. ஒளி இன்னும் அதிகம் என்பதால் குற்றமும் இன்னும் கனமானது.

தன் சொந்த லென்ஸும் ரிஃப்ளெக்டரும் கொண்டு முழு அலகாக வரும் 7 அங்குல எல்.இ.டி. ஹெட்லைட் வேறு வகை. அதில் ஒளிமூலமும் ஒளியியலும் ஒன்றுக்கொன்று பொருந்தப் பிறந்தவை, ஒருமைப்பாடு இருக்கிறது. நல்ல அலகின் விளிம்புக்கோடு எச்4-ஐவிடக் கூர்மை. வாங்கும்போது கண்ணாடி முகத்தில் உள்ள குறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் எண்ணும் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி சோதித்தது. அதன் கீழே, விளக்கை எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் இடப்பக்கப் போக்குவரத்துக்கு உரியது. அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அதன் ஏறும் கிளை நம் சாலையில் நேரே எதிர்வண்டியின் கண்ணாடிக்குள் போகும். ஜீப்புகளுக்கென்று வந்து இறங்கும் அலகுகளில் இந்தப் பிழை மலிவு. பழைய காரின் முகத்தில் அந்த நவீனக் கண் ஒட்டாது என்ற ரசனைக் குறையும் எனக்கு உண்டு. அதைத் தீர்ப்பில் சேர்க்கவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் எங்கே நிற்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இறக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம். அந்த இடத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. இந்த விதியின் சிறப்பு, அது வாட்டைப் பேசாமல் கண்ணைப் பேசுவது. ஊனம் அது நிறுத்திய இடத்தில் இருக்கிறது. 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கிலிருந்து அந்தக் கண்ணுக்கு 8 மீட்டரில் 85 செ.மீ. ஏற்றம், பத்து சதவீதத்துக்கும் மேல். 50 மீட்டரில் எதிரே வரும் காரோட்டியின் கண்ணுக்கோ ஏற்றம் ஒரு சதவீதம்கூட இல்லை. பக்கத்தில் நிற்பவரைக் காப்பாற்றும் இந்த அளவை, உண்மையில் குருடாக்கப்படுகிறவரைத் தொடவே இல்லை.

சட்டத்தைவிட மோசமானது சாலையோரச் செயல்முறை. ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டும் முகாம்களை எல்லோரும் பார்த்திருப்போம். நோக்கம் நல்லது, ஒளியியல் பூஜ்யம். டூமின் நடுவில் ரிஃப்ளெக்டரே கிடையாது. பல்பு நுழையும் ஓட்டைதான் உண்டு. பல்பின் நேர்முக ஒளியை மறைக்க எச்4-இன் முனையிலேயே கறுப்புத் தொப்பி பூசி வருகிறது. கண்ணைக் கூசச் செய்யும் ஒளி ரிஃப்ளெக்டரிலிருந்து வருவது. பொட்டு மறைப்பதோ ஏற்கெனவே மறைந்திருக்கும் இடத்தை. இந்தப் பொட்டைவிட நெடுஞ்சாலை நடுத்திட்டில் வளர்த்த அரளிச் செடிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். அது உண்மையாகவே ஒளியை மறைக்கிறது.

கடைசியாக ஃபோகஸ். மேலே சொன்ன எல்லாவற்றின் பலனையும் கூட்டவோ கெடுக்கவோ வல்லது இது. நம் ஒர்க்‌ஷாப்புகளில் மிகக் குறைந்த கவனம் பெறுவதும் இதுவே. "கொஞ்சம் எறக்கி விடுங்கண்ணே" என்று ஓட்டுநர் சொல்ல, மெக்கானிக் ஸ்க்ரூவை ஒரு திருப்பு திருப்ப, முடிந்தது. எதை வைத்து எவ்வளவு இறக்கினார் என்று கேட்டால் விடை கிடையாது.

முறை கடினமானதல்ல. சமதரையில் சுவருக்கு நேராக, விளக்குக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இடைவெளி. டயர்களில் சரியான காற்று, அரை டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். ஒவ்வொரு விளக்கின் மைய உயரத்தையும் சுவரில் குறித்து, அதற்கு 10 செ.மீ. கீழே ஒரு கோடு. இதுவே ஒரு சதவீத இறக்கம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதை லோ பீமில் எரியவிட்டு, மேல் ஸ்க்ரூவால் விளிம்புக்கோட்டை அந்தக் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். பக்க ஸ்க்ரூவால், நேர்கோடு இடப்பக்கமாக மேலே ஏறத் தொடங்கும் மூலையை விளக்கின் மையத்துக்கு நேரே கொண்டுவர வேண்டும். எச்4-இல் இரண்டு இழைகளும் ஒரே பல்பில் இருப்பதால் லோ பீம் சரியானால் ஹை பீம் தானே சரியாகும். தனித்தனியாக வைக்க வழியில்லை என்பது குறை, ஒரே வேலையில் முடிவது நிறை. பழைய பிரிட்டிஷ் சீல்டு பீம்களில் இத்தகைய தெளிந்த கோடு கிடையாது. ஹை பீமின் மிகப் பிரகாசமான நடுப்புள்ளியைக் குறிவைத்துத்தான் வைக்க முடியும். துல்லியம் குறைவு. அதை எச்4 டூமுக்கு மாற்றுவதற்கான வலுவான வாதமே இதுதான். எல்.இ.டி. பல்பின் மேல் நான் வைக்கும் இறுதிக் குற்றச்சாட்டும் இங்கே பிறக்கிறது. கோடே விழாத விளக்கை எந்தக் கோட்டில் உட்கார வைப்பது?

இந்த முறையில் நம்பகத்தன்மையைக் கெடுப்பது தரை. 10 மீட்டரில் 5 செ.மீ. வாட்டம் இருந்தால் அரை சதவீதப் பிழை. கண்ணுக்கு அந்த வாட்டம் தெரியவே தெரியாது. மழைத்தண்ணீர் வடிவதற்கென்றே வாட்டம் விட்டுக் கட்டிய போர்ட்டிகோவில் நின்றுகொண்டு ஃபோகஸ் வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். விளக்கின் மைய உயரத்தை டியூப் மட்டத்தால் சுவருக்குக் கடத்தினால் தரை எப்படி இருந்தாலும், அளப்பது உண்மையான கிடைமட்டத்திலிருந்து. வண்டி நிற்கும் இடம் மட்டும் சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பகை பின்பக்கப் பட்டை ஸ்ப்ரிங். அம்பாசடரின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 2.46 மீட்டர். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறி, பின்பக்கம் 5 செ.மீ. தாழ்ந்தால் மூக்கு இரண்டு சதவீதம் நிமிரும். கவனமாக வைத்த ஒரு சதவீத இறக்கம் ஒரு சதவீத ஏற்றமாகிவிடும். அதாவது, 25 மீட்டர் திரையில் 0.4 லக்ஸைத் தாண்டக் கூடாது என்ற அதே பி50 புள்ளியின் உயரத்துக்கு விளிம்புக்கோடு போய் நிற்கும். நிற்கவேண்டிய இருளின் நடுவில் ஒளி. டேஷ்போர்டில் விளக்கை ஏற்றியிறக்கும் குமிழ் பிற்காலக் கார்களுக்கு வந்தது இதற்காகத்தான். அது இல்லாத பழைய காரில் இரண்டே வழி. தளர்ந்த ஸ்ப்ரிங்குக்குப் பட்டை சேர்ப்பது ஒன்று. இரவில் வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்களோ அந்தப் பாரத்தோடு ஃபோகஸ் வைப்பது மற்றொன்று. காலி வண்டியில் வைத்த ஃபோகஸ், திருப்பதிக்குக் குடும்பத்தோடு போகும் வண்டிக்குப் பொருந்தாது.

என் வரிசை இது: முதலில் ஃபோகஸ், பிறகு ரிலே, டூம் மங்கியிருந்தால் புது டூம், அதில் நம்பகமான 60/55 ஆலஜன். டைனமோ வண்டிக்கு மட்டும், காசும் பொறுமையும் இருந்தால், இடப்பக்கக் குறி உள்ள முழு எல்.இ.டி. அலகு. 100/90-ஐயும் பழைய டூமுக்குள் எல்.இ.டி. பல்பையும் நிராகரிக்கிறேன்.

இந்த வரிசை முழுவதையும் செய்து முடித்த வண்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 65 செ.மீ. உயர விளக்கை ஒரு சதவீதம் இறக்கினால் விளிம்புக்கோடு 65 மீட்டரில் தரையைத் தொடும். இடது ஓரத்தில் ஏறும் கிளை இன்னும் தூரம் காட்டும். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லரும் சாலை கடக்கும் மனிதரும் இடது ஓரத்தில் மட்டும் இருப்பதில்லை. ஒன்றரை விநாடி யோசிக்கும் நேரமும் டிரம் பிரேக்கின் வலுவும் சேர்த்துப் பார்த்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பழைய கார் நிற்க 80 மீட்டருக்கு மேல் ஆகும். 60-இல் 53 மீட்டர். எதிரே வண்டி வந்து லோ பீமுக்கு இறங்கிவிட்டால், வேகமுள்ளையும் 60-க்கு இறக்குங்கள்.